கருப்பனை வண்டியில் ஏற்றிய கதை

கடலூர்,
மார்ச் 8.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆயிற்று. உடனே பதில் போடாததற்குத் திட்டாதே, தென்னை மரம் ஏற ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் அங்கே பிரிட்டனில் கேரவனை இழுத்துக்கொண்டு வேல்ஸ் போகப்போவதாகவும் உன் நாய் முத்துவும் கூட வருவதாகவும் எழுதியிருந்தாய். மங்கைக்குப் படித்துக் காட்டினேன். "கேரவனா? சேகர் அண்ணன் எப்போ சினிமாவுல நடிக்கப் போனாரு?" என்றாள். நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் வண்டிதானே. காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே மாட்டி இழுத்துப் போவார்கள் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஜனவரியில நாம போனதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் கருப்பனை நீ பார்த்ததில்லை. 2020 நவம்பரில் நிவர் புயல் அடித்த ராத்திரி, திண்ணையில் சாத்தி வைத்திருந்த பழைய கதவுக்கு அடியில் வந்து ஒண்டிய குட்டி. புயல் போய்விட்டது, இவன் போகவில்லை. சுத்தமான நாட்டு நாய். தேவனாம்பட்டினம் முழுவதும் தன் பட்டா நிலம் என்று நினைப்பு. காலையில் கடற்கரை, மதியம் மீன் ஏலம் போடும் இடம், சாயங்காலம் எங்கள் வாசல். அவன் கழுத்தில் நான் கயிறு கட்டியதே இல்லை. நாயைக் கட்டிப்போட்டு வளர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம் கூட உண்டு.

போன வருஷம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். நாய்களைக் காசுக்குப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடம் புதுச்சேரியில் இருப்பதாகச் சொன்னார்கள், நான்கு நாள் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் உடம்பெல்லாம் உண்ணி. ஒரு வாரத்தில் காய்ச்சல், சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல், தட்டணுக்கள் இறங்கியிருக்கின்றன என்றார். டாக்ஸிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம். வாழைப்பழத்துக்குள் வைத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புவான். கடைசியில் வஞ்சிரத் துண்டுதான் கைகொடுத்தது, விலை என்னவென்று கேட்காதே. இனிமேல் இவனை விட்டுவிட்டு எங்கும் போவதில்லை என்று மங்கை அப்போதே சொல்லிவிட்டாள்.

என் மச்சானின் பழைய ஆம்னி வண்டி சும்மா நின்றது. பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டு, மேலே இலவம்பஞ்சு மெத்தை விரித்தோம். ஒரு டென்ட், சின்ன கேஸ் அடுப்பு, இரண்டு குடம் தண்ணீர். உன் கேரவனில் ஃப்ரிட்ஜும் கழிப்பறையும் உண்டு என்று எழுதியிருந்தாய். எங்களிடம் ஒரு வாளி இருந்தது.

முதலில் முதுமலை போகலாம் என்று ஆசை. புலிகள் காப்பகத்துக்குள் வளர்ப்பு நாய் கூடாது என்று விசாரித்தபிறகு தெரிந்தது. குரைத்து மிருகங்களைக் கலைக்கும் என்பதற்காக மட்டும் இல்லை, நாயிடமிருந்து காட்டு மிருகங்களுக்கு நோய் தொற்றும். 2018இல் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தது ஞாபகமிருக்கிறதா? அதில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். சரி, நியாயம்தான் என்று ஜவ்வாது மலைக்குத் திட்டத்தை மாற்றினோம். ஜமுனாமரத்தூர் பக்கம் மங்கையின் தோழி வழியில் தெரிந்த ஒரு விவசாயியின் பட்டா நிலம், அறுப்பு முடிந்த சாமைக் கொல்லை. காப்புக்காட்டில் கூடாரம் போட்டால் வம்பு, சொந்த நிலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் மூன்று வாரம் ஒத்திகை. முதல் நாள் இன்ஜினைப் போடாமல் வண்டிக்குள் சும்மா உட்கார வைத்தேன். அடுத்தது நெல்லிக்குப்பம் வரை. சர்க்கரை ஆலை வாசனை வந்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். பண்ருட்டி போனபோதுதான் மெத்தை முழுவதும் வாந்தி. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார் டாக்டர், அதற்கப்புறம் வாந்தி இல்லை. அந்த மூன்று வாரத்தில்தான் முதன்முதலாகக் கழுத்துப் பட்டையும் கயிறும் வாங்கினேன். மாட்டியதும் தரையில் பப்பரப்பே என்று படுத்துவிட்டான். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் அவனை விற்றுவிட்ட மாதிரி.

திருவண்ணாமலையில் ஒரு சங்கடம். மங்கை கோயிலுக்குள் போனாள், நான் மரத்தடியில் இவனோடு உட்கார்ந்தேன், அவள் வந்ததும் நான் போனேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வண்டியிலேயே விட்டுப் போகலாமே என்று பூக்காரம்மா சொன்னார். அந்தத் தப்பை மட்டும் நீயும் செய்துவிடாதே. உங்கள் ஊர்க் குளிரில் என்ன என்று நினைப்பாய். வெளியே 24 டிகிரி இருந்தாலே, பூட்டிய காருக்குள் 10 நிமிடத்தில் 34, அரை மணியில் 43 டிகிரி வரை ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அந்தக் காற்றே கொதித்தால் அது என்ன செய்யும்? தார் ரோட்டில் இறக்குவதற்கு முன் புறங்கையை வைத்துப் பார். உன்னால் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் அவனாலும் நடக்க முடியாது.

மலையில் முதல் சாயங்காலம் நன்றாகத்தான் போயிற்று. குளிர் ஏற ஏற டென்டின் ஆணி ஒவ்வொன்றையும் முகர்ந்து, ஒவ்வொன்றுக்கும் காலைத் தூக்கி, இடத்தைத் தன் பேரில் பத்திரம் செய்துகொண்டான். பாவம் என்று நினைத்துக் கயிற்றை அவிழ்த்தேன். அங்கேதான் வந்தது வினை.

கொல்லைக்குக் கீழே ஒரு பாட்டி வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்தார். இவன் பிறந்ததிலிருந்து ஆட்டைத் துரத்தியதில்லை. எங்கள் தெருவில் இரண்டு ஆடுகள் இவன் மேலேயே முட்டிப் படுத்திருக்கும். ஆனால் தெரிந்த ஆடு வேறு, தெரியாத ஆடு வேறு போலிருக்கிறது. ஒரு சினை ஆடு கத்திக்கொண்டு பாறை மேல் தாவியது, இவன் பின்னாலேயே. நான் "கருப்பா, கருப்பா" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. கடைசியில் பாட்டி வீசிய கல் விலாவில் பட்டதும்தான் நின்றான். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டி என்னை ஒன்றும் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கீழே கிடந்த கயிற்றை எடுத்து என் கையில் திணித்து, "இது எதுக்குத் தம்பி வாங்கினது?" என்று மட்டும் கேட்டார். அறுபத்திரண்டு வயதில் தம்பி.

உங்கள் ஊரில் இதற்கென்றே 1953இலிருந்து தனிச்சட்டம் இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்தபோது அந்தப் பாட்டி முகம்தான் வந்தது. ஆட்டை வதைக்கும் நாயை, வேறு வழியில்லாத நிலையில் ஆட்டுக்காரர் சுட்டால்கூட சட்டம் அவர் பக்கம் நிற்கும் என்றாயே. வேல்ஸில் மலை மலையாக ஆடு. முத்து ஸ்பேனியல், சாது, சொன்ன பேச்சு கேட்பான் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ராத்திரி டென்டுக்கு வெளியே கட்டலாம் என்று இருந்தேன். நிலத்துக்காரர் வேண்டாம் என்றார். "கரடி வந்தா இது குரைச்சு வம்பிழுக்கும். சிறுத்தை வந்தா குரைக்கக்கூட நேரம் இருக்காது." சிறுத்தைக்கு நாய் என்றால் நமக்கு டீக்கடையில் வடை மாதிரியாம். டென்டை அப்படியே விட்டுவிட்டு மூன்று பேரும் ஆம்னிக்குள் ஏறிப் படுத்தோம். எனக்கும் மங்கைக்கும் நடுவில் அவன். குளிருக்கு நல்ல கணப்பு, ஆனால் அந்த வாடை! பத்து மணிக்குக் கண்ணாடியெல்லாம் வேர்த்துவிட்டது. நடுராத்திரியில் அவன் முதுகு விறைத்தது தெரிந்து விழித்தேன். குரைக்கவில்லை. ஒரு காது மட்டும் நிமிர்ந்து, பின் கதவுப் பக்கம் மெதுவாகத் திரும்பியது. தொண்டைக்குள் மிக்ஸி ஓடுவது போல ஓர் உறுமல், அது என் விலா எலும்பில் அதிர்ந்தது. என்ன வந்தது, எப்போது போனது என்று தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துப் பெருமூச்சு விட்டுவிட்டு என் கைமேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டான். நான் விடியும்வரை தூங்கவில்லை.

காலையில் டார்ச்சும் பேன் சீப்புமாக மங்கை உண்ணி பார்த்தாள். விரலிடுக்கு, காது மடல், வாலுக்கு அடியில். ஏழு. கெரசின் ஊற்றாதே, நசுக்காதே, தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழு. உன் ஊர்ப் புல்வெளியிலும் உண்ணி உண்டு, ஜாக்கிரதை.

காவலூர் வானாய்வகத்துக்கும் போனோம், அதுவும் ஒருவர் மாறி ஒருவர்தான். வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம் என்று மங்கை வந்து சொன்னாள். நான் வெளியே மரத்தடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அணிலைப் பார்த்தேன்.

பிரான்ஸுக்கும் முத்துவைக் கூட்டிப்போக என்னென்ன வேண்டும் என்று எழுதியிருந்தாய். மைக்ரோசிப், வெறிநோய் ஊசி, போட்டு 21 நாள் காத்திருப்பு, கிளம்பும் முன் 10 நாளுக்குள் டாக்டர் சான்று, திரும்பும்போது நாடாப்புழு மருந்து, அதுவும் உங்கள் ஊருக்குள் நுழைய 24 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கும்போதும் கொடுக்கக் கூடாது, 120 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதும் கொடுக்கக் கூடாது! படிக்கும்போதே மூச்சு வாங்கியது. எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் ஊசி போட்ட புத்தகத்தை நான் வண்டியில் வைத்திருந்தேன், புது ஊரில் ஒரு குழந்தையைக் கீறிவிட்டால் வாயால் சொல்வதை யார் நம்புவார்கள்?

இப்போது இங்கே பங்குனி ஆமை, அதுதான் ஆலிவ் ரிட்லி கடலாமை, கரையேறி முட்டையிடும் காலம். போன வாரம் மருமகன் வந்தபோது, தாழங்குடா பக்கம் கரையில் டென்ட் போடலாமா என்றார். வேண்டாம் என்றேன். இரண்டு வருஷம் முன்பு, இதே மாதம், விடியற்காலையில் கருப்பன் மூக்கெல்லாம் மணலாக வந்தான். போய்ப் பார்த்தேன். தோண்டிய குழி, பக்கத்தில் பிங்பாங் பந்து மாதிரி முட்டை ஓடுகள், கிழிந்து சுருண்டு. நான் யாரிடமும் சொல்லவில்லை. மங்கையிடம்கூட. வனத்துறைக்காரர்கள் ராத்திரி ராத்திரி நடந்து முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவதே நாய்க்கும் நரிக்கும் பயந்துதான். அப்போதும் நான் கயிறு வாங்கவில்லை. பிறகு வாங்கிய கயிற்றையும் அந்த மலைப் பாட்டி எடுத்து என் கையில் திணிக்க வேண்டியிருந்தது.

இப்போது தினமும் ஐந்து மணிக்குக் கயிற்றோடுதான் கடற்கரை. மீன்காரர்கள் சிரிக்கிறார்கள். யார் யாரை இழுத்துக்கொண்டு போகிறோம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

டிசம்பரில் வரும்போது எனக்கு விஸ்கி வேண்டாம். நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற மாதிரி, இருட்டில் பளபளக்கும் வார் ஒன்று முத்துவுக்கு வாங்கியிருக்கிறாயே, அது போல ஒன்று. நெஞ்சுச் சுற்றளவு 68 சென்டிமீட்டர். மங்கை இரண்டு தடவை அளந்துவிட்டாள், அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டதாக அவளுக்குச் சந்தேகம். அதனால் 70க்கே வாங்கிவிடு.

அன்புடன்,
நடராஜன்