உன்ர பூனைக்குட்டியள் ஹட்டனுக்குப் போகேல்ல, பிள்ளை

பிள்ளை,

நீயும் மருமகனும் பேரனும் சுகம்தானே. இஞ்ச கொழும்பில நாங்கள் சுகம், அம்மாவுக்கு முழங்கால்தான் மழைக்கு நோகுது. இந்த மனுசன் ஏன் வொய்ஸ் போடாம இவ்வளவு நீளத்துக்கு டைப் பண்ணுது எண்டு நினைப்பாய். சில விசயம் எனக்கு வாயால சொல்ல வராது, அதோட நாலாம் மாடி அன்ரி உனக்குக் கோல் எடுக்க முதல் நானே சொல்லிப்போடோணும், அவவிட்ட போன கதை டொரொன்டோ சுத்தித்தான் மெல்பேர்ணுக்கு வரும், வந்து சேரேக்க அதுக்குக் கைகால் முளைச்சிருக்கும்.

விசயம் பூனை.

எங்கட கார் பார்க்கில ஒரு சாம்பல் வரிப்பூனை திரியிறது, போன முறை வந்தநேரம் பேரன் பிஸ்கட் போட்டானே, அதுதான். ஆவணி கடைசியில ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால மூண்டு குட்டி போட்டுது. ஒண்டு செம்மஞ்சள், ஒண்டு கறுப்பு வெள்ளை, மற்றது மூண்டு கலரும் கலந்தது. பூனை குட்டியை ஏழு இடம் மாத்தும் எண்டு அப்பாச்சி சொல்லுவா, இது ரெண்டு இடம்தான் மாத்தினது. முதல் தண்ணி மோட்டருக்குப் பக்கத்தில, பேந்து எங்கட ஃப்ளாட் ட்ரெஷரற்ற கார் கவருக்குள்ள. அங்கதான் பிரச்சினை தொடங்கினது.

அண்டைக்கு எங்கட ஃப்ளாட் வட்ஸ்அப் குரூப்பைப் பாத்திருக்கோணும். பொனட்டில இருந்த பூனைக்கால் அடையாளத்தைப் படமெடுத்து சிவப்பு வட்டமும் கீறிப் போட்டிருந்தார், களவு நடந்த இடம் மாதிரி. பிறகு மூத்திர நாத்தம், ரயர், குப்பைப் பை கிழிக்கிறது, எல்லாம் வரிசையா வந்துது. அந்தாள் சொன்னது முழுக்கப் பொய் எண்டும் சொல்ல மாட்டன், லிஃப்டடியில நாத்தம் இருந்ததுதான். ஆனா போன மாசம் தண்ணி டாங்க் வழிஞ்ச நேரம் குரூப்பில ஒருத்தரும் வாய் திறக்கேல்ல, பூனை எண்டோன்ன ரெண்டு வருசமாக் காணாத ஆக்கள்கூட வந்து கதைக்கினம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கீழ கதிரை போட்டு மீட்டிங். ட்ரெஷரர் சொன்ன யோசனை என்னெண்டா, தெரிஞ்ச த்ரீவீல் பொடியன் ஒருத்தன் இருக்கிறான், தாயையும் குட்டியளையும் சாக்கில போட்டுக் கொண்டுபோய் எங்கயாவது மார்க்கெட்டடியில விட்டிடுவான், ஆளுக்கு இருநூறு ரூவா போட்டாக் காணும். மூண்டாம் மாடி முஸ்லிம் பிள்ளை உடன எழும்பி "அங்கிள், அப்பிடிச் செய்ய ஏலா" எண்டா, பூனை வாய் வைச்ச தண்ணியிலயே வுழு (தொழ முதல் முகம் கைகால் கழுவுறது) எடுக்கலாம் எண்டு மார்க்கத்தில இருக்கு, அவ்வளவு சுத்தமான சீவன் எண்டு சொன்னா. சட்டம் படிக்கிற பொடியன் ஒருத்தன், மிருகவதைக்கு எதிரா இஞ்ச 1907 ஆம் ஆண்டே சட்டம் இருக்கு எண்டான், தண்டம் எவ்வளவு எண்டு கேக்க நூறு ரூவா எண்டான், எல்லாரும் சிரிச்சிட்டினம், ட்ரெஷரற்ற கணக்குக்கு த்ரீவீலை விட தண்டம் மலிவு.

நான் சிரிக்கேல்ல. எழும்பி, "இதை நான் செய்தனான், சரிவராது" எண்டு சொல்லிப்போட்டன். அத்தனை சனத்துக்கு முன்னால முழுக்கதையும் சொன்னன். சொல்லி முடியத்தான் யோசிச்சன், சொல்ல வேண்டிய ஆளுக்கு இன்னும் சொல்லேல்லையே எண்டு.

பிள்ளை, 1998 இல ராமகிருஷ்ணா ரோட் அனெக்ஸில இருக்கேக்க நீ வளர்த்த சீனியும் மிளகும் எண்ட குட்டியள் ஹட்டனுக்குப் போகேல்ல. அங்க தோட்டத்து வீட்டில இருக்கிற என்ர சிநேகிதனிட்ட, மாட்டுப்பால் குடிச்சுக்கொண்டு இருக்குதுகள் எண்டு உனக்குச் சொன்னது பொய். தோட்டத்து வீடும் இல்லை, மாடும் இல்லை, அப்பிடி எனக்கு ஒரு சிநேகிதனும் இல்லை. நான்தான் சாக்கில போட்டுக் கொண்டுபோய் விட்டனான்.

அனெக்ஸை வாடகைக்குத் தந்த வீட்டுக்கார அம்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பூனையோட இருக்கிறதெண்டா வேற வீடு பாருங்கோ எண்டிட்டா. அந்த நேரம் வெள்ளவத்தையில யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு ஒரு அறை எடுக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு உனக்குத் தெரியாது, எட்டு வயசு. வீட்டில இருக்கிற எல்லாற்ற பேரையும் பொலிஸில பதியோணும், வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கோணும், அவவைப் பகைக்க ஏலாது. (உங்க மெல்பேர்ணில பூனையைக் கவுன்சிலில பதிஞ்சு மைக்ரோசிப் போடோணும் எண்டு நீ சொன்ன அண்டைக்கு நான் சிரிச்சதுக்குக் காரணம் இதுதான், அப்ப இஞ்ச எங்களைத்தான் பதிஞ்சவை.)

ஒரு சனிக்கிழமை விடிய, நீ நித்திரை. உரபாக்கில ரெண்டு ஓட்டை போட்டு, குட்டியளை உள்ளுக்க விட்டு, சைக்கிள் ஹான்டிலில கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டன். பாமன்கடைப் பாலத்தடியில செக்பொயின்ற். ஐடென்டிட்டியைக் குடுத்திட்டு நிக்கிறன், பாக் தானா ஆடுது. ஆமிக்காரன் ரெண்டடி பின்னால போய்த் துவக்கை நீட்டிட்டான். "மே மொகத?", இது என்ன எண்டு கேட்டான். எனக்கு நாக்கு ஒட்டிப்போச்சு, "பூஸ் பெட்டவ் மாத்தயா, பூஸ் பெட்டவ்", பூனைக்குட்டியள் ஐயா எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுறன், அவன் நம்பேல்ல. நிலத்தில வைச்சிட்டுக் கையைத் தூக்கச் சொன்னான். துவக்கு முனையால பாக்கின்ர வாயை விலத்த, சீனியின்ர வெள்ளைத் தலை வெளிய வந்து "மியா" எண்டுது.

அவன் சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதில கேக்குது. மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான், அது இன்னும் சின்னப் பொடியன், மிளகைத் தூக்கி நெஞ்சில வைச்சுத் தடவினான், அது அவன்ர சட்டைப் பொத்தானைச் சூப்பினது. எங்க கொண்டு போறீர் எண்டு கேட்டான். கிருலப்பனை மார்க்கெட்டுக்கு எண்டன். அவன்ர சிரிப்பு நிண்டு போச்சு. "பவ் நே", பாவமல்லோ எண்டு மட்டும் சொல்லி, குட்டியைத் திரும்பப் பாக்குக்குள்ள விட்டிட்டு, கார்டைத் தந்து "யன்ன", போ எண்டான். எத்தினை செக்பொயின்ற்றில எத்தினை பேர் எனக்கு "யன்ன" சொல்லியிருக்கினம், தலை நிமிர்த்தாமப் போனது அந்த ஒண்டில மட்டும்தான்.

மீன்கடைப் பக்கம் அவிட்டு விட்டன். திரும்பிப் பாக்கேல்ல.

பேந்து நடந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். தாய்ப்பூனை ஒரு கிழமையா அனெக்ஸைச் சுத்திக் கத்தினது, தாய்க்கு வயித்துவலி எண்டு உனக்குச் சொன்னனான், அதுவும் பொய். மூண்டு மாசம்தான் போனது, அது திரும்ப நாலு குட்டி போட்டுது. அதேன் எண்டு அப்ப விளங்கேல்ல, இப்பதான் தெஹிவளையில ஒரு மிருக டொக்டர் பிள்ளை விளங்கப்படுத்தினது. குட்டியளைப் பிரிச்சா, பால் குடுக்கிறது நிக்க, தாய் கெதியா அடுத்த சினைக்கு வந்திடுமாம், வயித்தில இருக்கிறது ஒம்பது கிழமைதான். நான் குறைக்கப் போய்க் கூட்டிப்போட்டன், அவ்வளவுதான்.

தாயையும் சேர்த்துக் கொண்டுபோய் விட்டாலும் சரிவராதாம். சாப்பாடும் ஒதுங்க இடமும் அப்பிடியே கிடக்கும், அடுத்த பூனை வந்து குடியேறும். இந்தக் கார் பார்க்கில குப்பை டிரம்முக்கு மூடி இல்லாத வரைக்கும் பூனை வரும், அது வராட்டி எலி வரும். டொக்டர் பிள்ளை சொன்ன வழி, தாயைப் பிடிச்சு ஒப்பரேஷன் செய்து, விசர்நாய்க்கடி ஊசியும் போட்டு, இருந்த இடத்திலயே விடுறது. இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டி விடுவினமாம், இது ஒப்பரேஷன் முடிஞ்ச பூனை எண்டு தூரத்திலயே தெரியும், இன்னொருத்தர் பிடிச்சுத் திரும்பக் கிழிக்க மாட்டினம். குட்டியளை எட்டுக் கிழமைக்கு முதல் தாயிட்ட இருந்து எடுக்கப்படாது, அதுக்குப் பிறகு வீடு பாத்துக் குடுக்கலாம். பெட்டைக்குட்டி நாலஞ்சு மாசத்திலயே சினைப்படுமாம், அதால வாங்கிற ஆக்களிட்டயும் சொல்லித்தான் குடுக்கோணும்.

இதுக்கு முதல் எதிர்ப்பு எங்கயிருந்து வந்தது எண்டு நினைக்கிறாய்? ட்ரெஷரர் இல்லை, நாலாம் மாடி அன்ரி. தினம் அதுக்கு பான் துண்டும் பாலும் வைக்கிற மனுசி, "கர்ப்பப்பையை எடுக்கிறது பாவம் அண்ணை, நான் சம்மதிக்க மாட்டன்" எண்டு அழத் தொடங்கிட்டா. எனக்கு ஒரு நிமிசம் விசர் வந்தது. அஞ்சு வருசமா இந்தப் பூனை போட்ட குட்டியள் எங்க அன்ரி எண்டு கேட்டன், காலி ரோட்டில எத்தினையைக் கூட்டி அள்ளினவை, மழைக்கு எஞ்சின் சூட்டுக்குள்ள போய்ப் படுத்து எத்தினை செத்தது எண்டு கேட்டன். கொஞ்சம் பலமாத்தான் கேட்டிட்டன், அம்மா சீலைத் தலைப்பால என்ர முதுகில தட்டினா. அன்ரி ரெண்டு நாள் முகம் குடுக்கேல்ல, மூண்டாம் நாள் வந்து ஒப்பரேஷன் காசில பாதி தான் தாறன் எண்டு சொன்னா. பாலையும் நிப்பாட்டியாச்சு, மாட்டுப்பால் பூனையளுக்குச் செமிக்காது, வயித்தால போகும். பார், ஹட்டன் மாடு எண்டு நான் சொன்ன பொய்யிலயே பிழை.

இப்ப சூடை மீனை உப்புத் தூள் இல்லாம அவிச்சு, முள்ளு எடுத்து, சோத்தோட பிசைஞ்சு வைக்கிறம். அம்மாதான் முள்ளு எடுக்கிறா, எனக்குக்கூட எடுத்துத் தந்ததில்லை.

பிடிக்கப் போய் என்ர கையில கீறு வாங்கினதையும் அன்ரி சொல்லுவா, அதால அதையும் சொல்லுறன், பயப்பிடாத. துவாயைப் போட்டு அமத்தப் பாத்தன், அது விடுமோ. உடன சவுக்காரம் போட்டுக் குழாய்த் தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனன், காசில்லாம ஊசி போட்டவை. விசர்நோய் நாய்க்கு மட்டும் வாறதில்லை, பூனை கீறினாலும் கடிச்சாலும் கட்டாயம் காட்டோணுமாம். 14 நாள் பூனையைக் கவனிக்கச் சொன்னவை, பூனை எங்க இருக்கு எண்டு டொக்டர் கேக்க, எங்கட காருக்குக் கீழ எண்டன். நாளையோட 14 நாள் முடியுது, நல்லாத்தான் இருக்கு, மூக்கு முட்டச் சாப்பிடுது. அதுக்காகத்தான் ஒப்பரேஷனை வியாழக்கிழமைக்குத் தள்ளினது.

நீ வயித்தில பிள்ளையோட மார்கழியில வரேக்க பூனை கூடாது எண்டு அம்மா ஒரே நச்சரிப்பு. அதையும் டொக்டர் பிள்ளையிட்ட கேட்டன். டொக்ஸோபிளாஸ்மா எண்டு ஒரு கிருமி, பூனையின்ர பீயால வரும், தடவினதால லேசில வராது, வடிவா வேகாத இறைச்சியாலயும் கழுவாத மரக்கறியாலயும் கூட வருமாம். நீ பூந்தொட்டி மண்ணை வெறுங்கையால கிண்டாத, பூனை இருந்த இடத்தைத் துப்பரவாக்கப் போகாத, கையைக் கழுவு, அவ்வளவுதான். உங்க உன்ர டொக்டரிட்டயும் ஒருக்காக் கேள். அம்மா அது காணாது எண்டு பூந்தொட்டி எல்லாத்தையும் இப்பவே மொட்டை மாடிக்கு ஏத்திப்போட்டா.

செம்மஞ்சள் குட்டியை மூண்டாம் மாடிப் பிள்ளையின்ர தங்கச்சி கொண்டு போறா, அந்தக் கலர் கூடுதலாக் கடுவனாத்தான் இருக்குமாம், இதுவும் கடுவன்தான். கறுப்பு வெள்ளையை, நீ சிரிக்கக்கூடாது, ட்ரெஷரற்ற மகள் கேட்டுக்கொண்டு நிக்கிறாள், தேப்பனுக்கு இன்னும் தெரியாது. முக்கலர் ஒண்டுதான் மிச்சம். மூண்டு கலர் வந்தா அநேகமாப் பெட்டையாத்தான் இருக்கும், அதால ஒருத்தரும் எடுக்கினமில்லை. இதை எழுதேக்க என்ர சிலிப்பருக்குள்ள மூஞ்சியை வைச்சு நித்திரை கொள்ளுது. நாங்கள் எடுக்கிறதோ இல்லையோ எண்டு இன்னும் கதைக்கேல்ல, ஆனா அம்மா அதுக்கெண்டு வேற கிண்ணம் வாங்கியிருக்கிறதைக் கண்டனான்.

போன கிழமை வீடியோ கோலில பேரன் கேட்டான், "அம்மப்பா, ஹட்டன் பூனைக்கு இப்ப எத்தினை பேரப்பிள்ளையள்?" எண்டு. மார்கழியில ட்ரெயினில போய்ப் பாக்கப்போறம் எண்டு நீ சொல்லி வைச்சிருக்கிறியாம். கோல் டிராப் ஆகேல்ல பிள்ளை, நான்தான் கட் பண்ணினனான்.

நீ என்ன சொன்னாலும் கேக்கிறன். ட்ரெயின் ரிக்கெட்டை மாத்த வேண்டாம், ஹட்டன் நல்ல இடம், பூனை இல்லாட்டியும் போகலாம். வியாழன் பின்னேரம் காது வெட்டினவவின்ர போட்டோ அனுப்புறன். பேரனுக்கு நீ சொல்லுறியோ, வந்தாப்பிறகு நானே சொல்லட்டோ, அதை மட்டும் எழுதி விடு.

அப்பா