செயலாளர் ஆண்டறிக்கை: குழாயில் கேஸ் வந்த வருடம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் போன வருடம் போலத்தான், கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுவின் நேரத்தை முழுசாகத் தின்றது கேஸ் குழாய்.

மும்பையிலும் டெல்லியிலும் 1990களிலேயே வீட்டுக்குக் குழாயில் கேஸ் வந்துவிட்டது. குஜராத்தின் ஹசீராவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் ஜகதீஷ்பூர் வரை 1980களில் போட்ட பெரிய குழாய் முக்கியமாக உரத் தொழிற்சாலைகளுக்காக. ஆனாலும் வடக்கும் மேற்கும் அப்போதே பிடித்துக்கொண்டன. சென்னைக்கு 2019இல் எண்ணூரில் கப்பல் கேஸை இறக்கும் முனையம் திறந்த பிறகுதான் வழி பிறந்தது. கப்பலில் மைனஸ் 162 டிகிரியில் திரவமாக வருவதை அங்கே மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள்.

சரி, நம் கதை. 48 வீடுகளில் 31 வீட்டில் இணைப்பு வந்தாயிற்று. மீதிப் பேரில் பலருக்குப் பயம். ஜூன் கூட்டத்தில் மூன்றாம் மாடி மாமா எழுந்து, "2014இல் ஆந்திராவில் 'நகரம்' என்ற பெயருள்ள கிராமத்தில் குழாய் வெடித்து அத்தனை பேர் செத்தார்களே, இங்கே நடக்காதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அது அதிக அழுத்தத்தில் ஊர் விட்டு ஊர் போகும் இரும்புக் குழாய், துருப்பிடித்துக் கசிந்தது. நம் தெருவில் புதைத்திருப்பது மஞ்சள் பிளாஸ்டிக் குழாய், அடுப்புக்கு வரும்போது அழுத்தம் வெறும் 21 மில்லிபார், சைக்கிள் டியூபில் இருப்பதைவிட ரொம்பக் குறைவு. சிலிண்டர் கேஸ் கசிந்தால் தரையில் தேங்கும். இந்தக் குழாய் கேஸ் காற்றைவிட லேசு, மேலே ஏறும். அதனால் சமையலறை வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்காதீர்கள், ஆறு வீட்டில் பார்த்தேன். மாமா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பழைய அடுப்பில் ஜெட்டை, அதாவது பர்னருக்குக் கேஸ் வரும் துளையுள்ள சின்னப் பாகத்தை, மாற்றாமல் பற்றவைக்காதீர்கள். சிலிண்டர் ஜெட்டின் துளை சின்னது, இந்த கேஸுக்குப் பெரிய துளை வேண்டும். மெக்கானிக் ஒரு பர்னரை மட்டும் மறந்துவிட்டுப் போக, முதல் நாள் என் வீட்டில் தோசைக்கல் காய்வதற்குள் பிள்ளைகள் பிரெட் சாப்பிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

குற்றம் சொல்வதென்றால் பள்ளம் தோண்டிய காண்ட்ராக்டரைத்தான். ஐப்பசி மழையில் தோண்டி, மெட்ரோ தண்ணீர் லைனை உடைத்துவிட்டு, போனை எடுக்கவில்லை. இரண்டு நாள் லாரித் தண்ணீர், அந்தச் செலவைச் சங்கம்தான் ஏற்றது. பில்லை அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை. பி பிளாக் வாசலில் பேவர் கல் இன்னும் ஆடுகிறது, இரவில் பார்த்து நடங்கள்.