ஆண்டறிக்கை: மின்சாரம் படித்த ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, பெற்றோருடன் வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நமது அறிவியல் மன்றத்தின் கடந்த ஆண்டுச் செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

முதலில் ஒரு துயரம். 'வயர்மேன் ஐயா' என்று நாம் எல்லோரும் அழைத்த நம் மூத்த உறுப்பினர் இந்த ஆண்டு மறைந்தார். டெஸ்டரின் கைப்பிடிக்குள் சின்ன நியான் விளக்கோடு ஒரு பெரிய ரெசிஸ்டரும் இருக்கிறது, அதனால்தான் நம் உடல் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் மட்டும் போய் விளக்கு எரிகிறது என்று ஒரு பழைய டெஸ்டரைப் பிரித்துக் காட்டியவர் அவர். மின்சாரத்தையே ஆண்டு முழுவதும் படிக்கலாம் என்று சென்ற பொதுக்குழுவில் சொன்னவரும் அவர்தான். செய்து பார்க்க முடிந்ததைச் செய்து பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்ற நிபந்தனையும் அவருடையதே. அவருக்கு நம் அஞ்சலி.

முதல் கூட்டம் ஐப்பசியில் நடந்தது. பழைய கிரேக்கர்கள் அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினைத் தேய்த்தால் துரும்பு ஒட்டுவதைக் கண்டார்கள், அம்பருக்கு அவர்கள் மொழியில் இருந்த 'எலெக்ட்ரான்' என்ற பெயரிலிருந்தே இந்தத் துறைக்குப் பெயர் வந்தது என்று சொல்லிவிட்டு, பி.வி.சி. குழாயைக் கம்பளியால் தேய்த்தோம். காகிதத் துண்டு ஒன்றுகூட அசையவில்லை. வெளியே அடைமழை. காற்றில் இருந்த ஈரம் குழாயின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சேர்ந்த மின்னூட்டத்தை அப்போதைக்கப்போதே கசிய விட்டுவிட்டது. அன்று பிள்ளைகள் ஏமாந்துதான் போனார்கள். அதே குழாயை மாசி வெயிலில் தேய்த்தபோது காகிதங்கள் துள்ளி ஒட்டின. மழைநாளில் ஏன் நடக்கவில்லை என்ற கேள்வியோடு வந்திருந்ததால், அடுத்துப் படித்த ஸ்டீபன் கிரே அவர்களுக்கு எளிதில் புரிந்தார்.

இந்த ஆண்டு எனக்கு மிகவும் நெருக்கமானவர் கிரே. இங்கிலாந்தின் கேன்டர்பரியில் சாயத்தொழில் செய்தவர். கண்ணாடிக் குழாயைத் தேய்த்தபோது, தேய்க்காத அதன் தக்கையும் இறகை இழுப்பதை 1729இல் கவனித்தார். அப்படியென்றால் இந்தச் சக்தி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. எவ்வளவு தூரம் போகும்? சணல் கயிற்றைக் கிடையாகக் கட்டிப் பார்க்க நினைத்தார். உத்தரத்திலிருந்து சணலாலேயே தொங்கவிட்டால் சக்தி உத்தரத்துக்கே ஏறிப் போய்விட்டது. நண்பர் கிரான்வில் வீலர், மெல்லிய பட்டு நூலில் தொங்கவிடலாம் என்றார். வேலை செய்தது. ஒருநாள் பட்டு அறுந்தது. அதே அளவு மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். சக்தி மறுபடியும் காணாமல் போனது. பட்டு தடுத்தது அது மெல்லியதாக இருந்ததால் அல்ல, அது பட்டு என்பதால்தான் என்பது அப்போது விளங்கியது. கடத்தி, காப்பான் என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த பிரிவு அந்த அறுந்த நூலிலிருந்து வந்தது. பிறகு அவர்கள் கயிற்றை 700 அடிக்கும் மேல் நீட்டினார்கள்.

நம் மண்டப வராந்தாவில் இதையே செய்தோம். உறுப்பினர் ஒருவர் பட்டுச் சேலையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து நூல் தந்தார். பட்டில் தொங்கிய சணலின் மறுமுனை காகிதத்தை இழுத்தது. ஒரு பட்டு நூலை எடுத்துவிட்டு, கட்டுக்கம்பியால் சன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியதும் நின்றுவிட்டது. நம் கூட்டங்களில் அப்படியொரு கைத்தட்டலை நான் கேட்டதில்லை.

முதல் பேட்டரியைச் செய்த வோல்டாவை ஒரே மாலையில் முடித்தோம். 1800இல் அவர் அடுக்கியதைப் போலச் செம்பு, உப்புநீரில் நனைத்த அட்டை, துத்தநாகம் என்று அடுக்கினோம். ஐந்தாறு ஜோடி சேர்ந்ததும் சிவப்பு எல்.இ.டி. எரிந்தது. மின்னோட்டம் ஓடும் கம்பி திசைகாட்டி முள்ளைத் திருப்பும் என்று 1820இல் ஓர்ஸ்டெட் கண்டதையும் டார்ச் பேட்டரியால் காட்டினோம்.

ஃபாரடேவுக்கு மட்டும் இரண்டு மாதம். கொல்லரின் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் ஏழு ஆண்டு வேலை பழகியவர். பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தே இந்தப் பக்கம் திரும்பினார். 1831 ஆகஸ்ட் 29 அன்று இரும்பு வளையத்தின் இரு பக்கமும் கம்பி சுற்றி, ஒரு சுற்றில் பேட்டரியை இணைத்தார். மறு சுற்றோடு சேர்ந்த முள் அசைந்தது, உடனே ஓய்ந்தது. பேட்டரியைத் துண்டித்தபோது மீண்டும் அசைந்தது. மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது அசைவே இல்லை. காந்தம் இருப்பதால் மட்டும் மின்சாரம் பிறப்பதில்லை, காந்தப்புலம் மாறும்போதுதான் பிறக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் குழாயின் மேல் எனாமல் கம்பியை ஆயிரம் சுற்று சுற்றினார்கள். எல்.இ.டி. ஒரு திசையில் மின்னோட்டம் போனால்தான் எரியும் என்பதால், இரண்டு எல்.இ.டி.களை எதிரெதிராக இணைத்தோம். உருளைக் காந்தத்தை மேலிருந்து விட்டால், நுழையும்போது ஒன்றும் வெளியேறும்போது மற்றொன்றும் மின்னின. மின்னோட்டம் திசை மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தோம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்பதன் பொருளை அந்த இரண்டு விளக்குகளை வைத்தே விளக்கினோம்.

அன்று ஒரு சிறுமி, சுவிட்சு போட்டதும் எலெக்ட்ரான் அனல்மின் நிலையத்திலிருந்து ஓடி வருகிறதா என்று கேட்டாள். நல்ல கேள்வி. கம்பிக்குள் எலெக்ட்ரான் நகரும் வேகம் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. நம் வீட்டுக் கம்பியில் அது முன்னும் பின்னும் நடுங்குகிறது, அவ்வளவே. தண்ணீர் நிறைந்த ஹோஸ் குழாயில் இந்த முனையில் தள்ளியதும் அந்த முனையில் கொட்டுவது போல, தள்ளுதல்தான் வேகமாகப் போகிறது.

நாமே செய்து பார்க்க முடியாதது ஒன்று, ஊருக்கே போதுமான மின்சாரத்தை உற்பத்தி செய்வது. அதற்காகத்தான் நீலகிரிப் பயணம். 1932இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய பைக்காரா திட்டத்தின் அணையைப் பார்த்தோம். அங்கிருந்து வரும் நீர், குழாயில் 3,000 அடிக்கு மேல் இறங்கி, சிங்காராவில் டர்பைனைச் சுழற்றுகிறது. கோவையின் பஞ்சாலைகள் 1930களில் பெருகியதில் அந்த மின்சாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மலையிலிருந்து சமவெளி வரை மின்சாரத்தை ஏன் உயர் மின்னழுத்தத்தில், அதாவது அதிக வோல்டேஜில், அனுப்ப வேண்டும் என்பதைப் பேருந்திலேயே பேசினோம். வோல்டேஜை இரட்டிப்பாக்கினால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதியாகும், கம்பி சூடாவதால் வரும் இழப்போ கால்வாசியாகும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை நம் வீட்டுக்கு 230 வோல்ட்டாக இறக்கித் தருவதும் ஃபாரடேயின் வளையத்தின் வேலைதான்.

ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். கூட்டம் நடத்த நாம் வாடகைக்கு எடுத்த ஓர் இடத்தில், ப்ளக் பாயிண்டின் மேலே உள்ள பெரிய துளைக்குள் எர்த் கம்பியே இல்லை. அதை அறியாமல் இரண்டு கூட்டங்கள் புரொஜெக்டர் ஓட்டினோம். உடனே அங்கிருந்து மாறினோம். அதன் பிறகு நம் எலக்ட்ரீஷியன் உறுப்பினர்கள் விரும்பியவர் வீடுகளுக்குச் சென்று எர்த் சோதித்துத் தந்தார்கள். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகள் இன்னும் நம்மிடையே உள்ளன. தயவுசெய்து பொருத்துங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மின்னலும் மின்சாரமே என்று காட்ட ஃபிராங்க்ளின் விட்ட பட்டம் பற்றிக் கேட்ட ஆர்வத்தில் யாரும் இடி மின்னலில் எதையும் செய்து பார்க்க வேண்டாம். 1753இல் ரஷ்யாவில் மின்னலை ஆராய்ந்துகொண்டிருந்த ரிச்மான் என்ற அறிஞர் தம் கருவி அருகிலேயே உயிரிழந்தார்.

வரும் ஆண்டுக்கு வானொலியை எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வீட்டுப் பரணில் பழைய வால்வு ரேடியோ, ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர் எது கிடந்தாலும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. வயர்மேன் ஐயா விட்டுச் சென்ற சால்டரிங் அயர்னை அவர் குடும்பத்தார் மன்றத்துக்குத் தந்திருக்கிறார்கள்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்