பிளேடு மூடியைக் கம்பியால் கட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் புளோக்கில் ஒரு வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மாலை ஐந்தரை மணியளவில் அவ்வழியே சென்றபோது, கதவு திறந்திருந்த கூடத்தின் தரையில் மைட்டர் சா எனப்படும், சுழலும் பிளேடை மேலிருந்து இறக்கி அறுக்கும் எந்திரத்தை வைத்து, அதன் எதிரே குந்தி உட்கார்ந்து, சுவரோரச் சட்டங்களை 45 டிகிரி கோணத்தில் அறுத்துக்கொண்டிருந்தார் தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர். பிளேடை மூடும் 'கார்டு' கட்டுக்கம்பியால் மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஒரு சாண் நீளமே உள்ள துண்டை அவர் விரல்களால் அழுத்திப் பிடித்திருந்தார். விரல் நுனிக்கும் பிளேடுக்கும் நடுவே மூன்று விரற்கடை இடைவெளிகூட இல்லை.

சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் அறைகலன் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் என்பதால், என்னால் பார்த்தும் பாராமல் போக முடியவில்லை. எந்திரத்தை நிறுத்தச் சொல்லி, ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். மூடி இருந்தால் பென்சில் கோடு தெரிவதில்லை என்றும், அது அடிக்கடி சிக்கிக்கொள்கிறது என்றும் சொன்னார். இரண்டுமே உண்மைதான், ஆனால் இரண்டுக்கும் வழி இருக்கிறது. விசையை அழுத்தாமல், நின்ற பிளேடைக் கீழே இறக்கிக் கோட்டோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டு, மீண்டும் மேலே தூக்கியபின் எந்திரத்தை ஓடவிட்டால் போதும். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பிரஷ்ஷால் தூசியைத் துடைத்ததும் அவருடைய எந்திரத்தின் மூடி தானாகவே இறங்கி மூடிக்கொண்டது.

பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 5,000 சுற்றுகள் சுழன்றால், அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. நம் விரைவுச்சாலைகளின் உச்ச வேக வரம்பான 90 கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் இது இரண்டரை மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில் கையை இழுத்துக்கொள்ள யாருக்கும் அவகாசம் கிடையாது. ஆகவே கை அந்தப் பக்கமே போகாதபடி வேலையை அமைத்துக்கொள்ள வேண்டும். பிளேடிலிருந்து அரை அடி தள்ளியே கை இருக்க வேண்டும். அவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியாத சின்னத் துண்டு என்றால் கிளாம்ப் எனும் இறுக்குப்பிடி போட்டுத்தான் அறுக்க வேண்டும். நாங்கள் பட்டறையில் நீளமான கட்டையிலிருந்தே சின்னத் துண்டை அறுத்தெடுப்போம்.

இதை அடிபட்டுத்தான் கற்றேன். 1990களில் ஒருநாள், சற்றே வளைந்திருந்த நான்கு அங்குலத் துண்டொன்றை அவசரமாக அறுத்தேன். ஃபென்ஸ் எனப்படும் பின்தடுப்போடு அது முழுதும் ஒட்டவில்லை. நடுவே நெல்மணி நுழையும் அளவு இடைவெளி. பிளேடு இறங்கியதும் துண்டு சடாரெனப் புரண்டது. நான் அணிந்திருந்த பருத்திக் கையுறையின் நூல் பற்களில் மாட்டி, கையையும் சேர்த்து இழுத்தது. ஏழு தையல்கள் போட்டார்கள். இன்றும் சட்டைப் பொத்தான் போடும்போது இடக்கை ஆள்காட்டி விரலின் நுனியில் உணர்வில்லை. வளைந்த கட்டையானால் அதன் புடைத்த பக்கம் தடுப்பைத் தொட வேண்டும் என்பதையும், சுழலும் பிளேடுக்கு அருகே கையுறை கூடாது என்பதையும் அதற்கு முன் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இன்னொன்றையும் அந்த இளைஞரிடம் காட்டினேன். அறுத்து முடித்தவுடன் எல்லாரும் கைப்பிடியைச் சட்டென்று மேலே தூக்கிவிடுகிறார்கள். விசையை விட்டபின், பிளேடு முழுமையாக நிற்கும்வரை அதைக் கீழேயே வைத்திருக்க வேண்டும். சுழன்றுகொண்டே மேலேறும் பிளேடுதான் அறுபட்ட துண்டைக் கொத்தி முகத்தை நோக்கி எறிகிறது. முன்னும் பின்னும் நகரும் வகை எந்திரமானால், முதலில் தம் பக்கம் இழுத்து, இறக்கி, பிறகு தடுப்பை நோக்கித் தள்ளியே அறுக்க வேண்டும். இழுத்துக்கொண்டே அறுத்தால் பிளேடு கட்டையின்மேல் ஏறி ஆளை நோக்கிப் பாயும். கண்ணாடியும் முகக்கவசமும் தேவை என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இதை அந்த இளைஞரின் குற்றமாக நான் எழுதவில்லை. தரையில் குந்தி அறுக்க வைத்தது யார்? எந்திரத்தை ஏற்றி வைக்க ஒரு தாங்கி, நீண்ட சட்டத்தின் மறுமுனைக்கு அதே உயரத்தில் ஒரு முட்டு, இரண்டு கிளாம்ப்: இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு விரலுக்கு ஈடாகுமா? வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2011 செப்டம்பரிலிருந்து எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள் நடக்கும் தச்சு வேலையும் அதற்கு விலக்கன்று. புதிதாக வருவோரை எந்திரத்தின் அருகே நிறுத்தி, அவர்களுக்குப் புரியும் மொழியில் அரைமணி நேரம் செய்து காட்டுமாறு வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீவக வீடுகளில் புதுப்பிப்பு வேலை மாலை 6 மணிக்குள் நின்றாக வேண்டும் என்பதால், கடைசி அரைமணியில்தான் நெருக்குதல் அதிகம். அன்று எஞ்சியிருந்தவை நான்கு சட்டங்கள். "இன்றே முடித்துவிடுங்கள்" என்று அந்த வீட்டார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்களாம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். மறுநாள் காலை 9 மணிக்கு அவர்கள் திரும்ப வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர்,
உட்லண்ட்ஸ்