ஹிரோஷிமாவுக்குக் கிளம்பும் மகளுக்கு

கண்ணு,

தை மாதக் கடைசியில் ஒசாகாவிலிருந்து நீயும் உன் தோழிகள் இருவரும் ஹிரோஷிமா போவதாக அம்மா சொன்னாள். இரண்டு நாள், ஒரு ராத்திரி. அந்த ஊருக்கு அது போதும், வரிசை மட்டும் சரியாக இருக்க வேண்டும். டிக்கெட் போடுமுன் இதைப் படித்துவிடு.

முதலில் பார்க்க வேண்டியது ஓட்டல் விலையில்லை, மியாஜிமா தீவின் ஓத அட்டவணை. தீவின் சுற்றுலாச் சங்கம் நாள்வாரியாக வெளியிடுகிறது. அங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். தண்ணீர் மட்டம் 250 சென்டிமீட்டரைத் தாண்டினால் இத்சுகுஷிமா கோயில் மிதப்பது போலத் தெரியும். 100க்குக் கீழே இறங்கினால் கோயிலுக்கு எதிரே கடலில் நிற்கும் சிவப்புத் தோரணவாயிலின் அடி வரை நடந்தே போகலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் இரண்டும் நன்றாக அமையும். ஏற்றம் காலை ஒன்பது பத்து மணிவாக்கில் வரும். அஷ்டமிவாக்கில் போனால் தண்ணீர் சரியாக ஏறவும் ஏறாது, வற்றவும் வற்றாது. இன்னொன்று, குளிர்காலத்தில் பெரிய வற்றம் ராத்திரியில்தான் வரும். பகலில் அடி வரை நடக்க முடியாமல் போகலாம். அதனால் ஏற்றத்தை நம்பி நாளைத் தேர்ந்தெடு.

ரயிலுக்கு, ஷின்-ஒசாகாவிலிருந்து நொசோமி புல்லட் ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும். என்னைக் கேட்டால் சகுரா ரயில். நேரம் கிட்டத்தட்ட அதேதான், முன்பதிவுப் பெட்டியில் பக்கத்துக்கு இரண்டே இருக்கை, அகலமாக இருக்கும். கோதாமா எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், ஏறாதே. பெட்டிகளை ஹிரோஷிமா ஸ்டேஷன் காசு லாக்கரில் போட்டுவிட்டு இறங்குங்கள்.

சனிக்கிழமை நகரம். 2025 ஆகஸ்ட் முதல் டிராம் ஸ்டேஷன் கட்டடத்தின் இரண்டாம் தளத்துக்கே வந்துவிடுகிறது. பழைய வழிகாட்டியைப் பார்த்து வாசலுக்கு வெளியே தேடாதே. 2 அல்லது 6ஆம் எண் வண்டியில் கெம்பாகு டோம்-மாயே நிறுத்தத்தில் இறங்க வேண்டும். காசு இறங்கும்போதுதான். உண்டியல் பெட்டி மீதி தராது. பக்கத்தில் இருக்கும் இயந்திரத்தில் சில்லறை மாற்றிக்கொண்டு சரியாகப் போடு. ஐகோகா பயண அட்டை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இறங்கியதும் எதிரே அந்த எலும்புக்கூட்டுக் கட்டடம், அணுகுண்டுக் கூடம், நிற்கும். யான் லெட்செல் என்ற செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1915இல் கட்டி முடித்த கண்காட்சி மாளிகை அது. 1945 ஆகஸ்ட் 6, காலை 8:15. அணுகுண்டு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வெடித்தது. விசை மேலிருந்து இறங்கியதால்தான் சுவர்களில் ஒரு பகுதி சாயாமல் நின்றது. பாலத்தைக் கடந்து அமைதி நினைவுப் பூங்காவுக்குள் போ. நினைவு வளைவின் நேர் எதிரே நின்று அதனூடே பார்த்தால் அணையா விளக்கும் அதற்குப் பின்னால் அந்தக் கூடமும் ஒரே கோட்டில் வரும். கொஞ்சம் தள்ளி நின்றாலும் வராது.

அதே பூங்காவில் இருக்கும் அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்குப் பெரியவர்களுக்கு 200 யென். மதியம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக இருக்கும், மூன்று மணிக்கு மேல் போ. ஆனால் குளிர்காலத்தில் ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள், அதற்கும் அரைமணி முன்பே உள்ளே விடுவது நின்றுவிடும். இரண்டு மணி நேரம் ஒதுக்கு. முதன்மைக் கட்டடத்தில் துருப்பிடித்த ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. மூன்று வயதுப் பையனுடையது. அப்பா அவனோடு சேர்த்து அதை வீட்டுத் தோட்டத்தில் புதைத்து, நாற்பது வருஷம் கழித்துத் தோண்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த கையோடு சாப்பாட்டுக் கடைக்கு ஓடாதீர்கள், ஒரு வாய் இறங்காது. ஆற்றங்கரைப் படியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

ஹிரோஷிமா கோட்டை 1958இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது. நேரமிருந்தால் வெளியிலிருந்து பார், இல்லாவிட்டால் நஷ்டமில்லை.

ராத்திரிச் சாப்பாடு ஒகோனோமியாகி, கல்லில் சுடும் கோஸ் அடை. ஒசாகாவில் நீ சாப்பிடுவது எல்லாவற்றையும் மாவில் கலந்து ஊற்றுவது. இங்கே அடுக்குவார்கள். கல்லுக்கு முன்னால் இருக்கை கிடைத்தால்தான் உட்கார். மாவைக் கரண்டியில் எடுத்து நம் தோசையைவிட மெல்லிசாகத் தேய்ப்பார்கள். மேலே கருவாட்டுப் பொடி, மலை போல முட்டைக்கோஸ், முளைப்பயறு, பொரித்த மாவுத் துணுக்கு, இரண்டு மூன்று துண்டு பன்றிக் கொழுப்பிறைச்சி, பிடிப்புக்குக் கொஞ்சம் மாவு. ஒரே திருப்பு. இப்போது தோசை மூடியாகிவிடும், கோஸ் தன் தண்ணீரிலேயே அவியும். இந்த நேரத்தில் அமுக்கக் கூடாது. அமுக்கினால் ஆவி போக வழியில்லாமல் களிபோல ஆகிவிடும். நல்ல கடைக்காரர் பேசாமல் காத்திருப்பார், மலை தானே இறங்கும். பக்கத்தில் நூடுல்ஸை வதக்கி வட்டமாக்கி அதன்மேல் இதைத் தூக்கி வைப்பார். கடைசியில் முட்டையை உடைத்துத் தேய்த்து, அதன்மேல் எல்லாவற்றையும் ஏற்றி, திருப்பி, சாஸ். அந்த இனிப்பில் பேரீச்சம்பழம் இருக்கிறது, ஊர்ச் சாஸின் ரகசியம் அதுதான். எல்லாம் முடிய இருபது நிமிஷம் ஆகும், பசி முற்றிய பிறகு போகாதே.

"நிகுதாமா சோபா" என்று கேட்டால் இறைச்சி, முட்டை, நூடுல்ஸ் சேர்ந்த வழக்கமானது வரும். சாப்ஸ்டிக்கால் எடுத்தால் அடுக்கு சரிந்துவிடும். சின்னக் கரண்டித் தகடு தருவார்கள், உன் பக்கத்து ஓரத்திலிருந்து வெட்டி அதிலேயே வாய்க்குக் கொண்டுபோ. தகடு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், ஊதிவிட்டு வை.

சைவத் தோழியை இந்த இடத்தில் கவனி. "இறைச்சி வேண்டாம்" என்றால் பன்றி மட்டும்தான் போகும். கருவாட்டுப் பொடி இருக்கும், சாஸில் இறைச்சிச் சாறு இருக்கலாம், கல்லும் ஒன்றே. கடைக்காரர் மனது கெட்டவரில்லை, பொடியை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை. வீகன் என்று பலகை போட்ட கடையை முன்கூட்டியே தேடி வைத்துவிடு.

ஞாயிறு மியாஜிமா. ஜேஆர் நிறுவனத்தின் சன்யோ பாதை ரயிலில் அரைமணி நேரத்துக்குள் மியாஜிமாகுச்சி ஸ்டேஷன். 2ஆம் எண் டிராமும் போகும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வேண்டாம். அங்கிருந்து படகு பத்து நிமிஷம். 2023 அக்டோபரிலிருந்து தீவுக்கு வருகை வரி 100 யென் சேர்த்து வாங்குகிறார்கள். போகும்போது ஜேஆர் படகில் போ. பகலில் தோரணவாயில் அருகாகச் சுற்றிப் போவது அதுதான்.

இறங்கியதும் மான்கள் வரும். தீனி போடக் கூடாது. கையில் காகிதம் வைத்திருக்காதே. வரைபடம், ரயில் டிக்கெட் எதையும் விடாது.

கோயிலில் கால் வைத்ததும் கீழே பார். தரைப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். பெரிய ஏற்றத்தில் கடல் கீழிருந்து முட்டும்போது அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் மேலே வந்து வடியும், தளம் பெயராது. வெளியே நிற்கும் வாயிலும் அப்படி ஒரு கெட்டிக்கார வேலை. இப்போது இருப்பது 1875இல் எழுப்பியது, 16 மீட்டருக்கு மேல் உயரம். பெரிய தூண்கள் இரண்டும் கற்பூர மரம். மண்ணில் புதைக்கவில்லை, மேல் உத்தரத்தைப் பெட்டிபோலச் செய்து உள்ளே கல்லை நிரப்பி, அந்தக் கனத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள். மர வெடிப்பில் காசு செருகும் பழக்கம் சிலருக்கு உண்டு, மரத்துக்குக் கேடு.

ஏற்றம் பார்த்த பிறகு வற்றம் வரை இருக்கும் நேரத்துக்குத்தான் மிசென் மலை, 535 மீட்டர். ரோப்வேயில் நடுவில் வண்டி மாற வேண்டும். மேல் நிலையத்தோடு மலை முடியாது, உச்சிக்கு இன்னும் அரைமணி ஏற்றம், செருப்பு போட்டுப் போகாதே. காற்று பலமாக இருந்தாலும் பராமரிப்பு நாளிலும் ஓட்ட மாட்டார்கள், காலையில் அறிவிப்பைப் பார்த்துக்கொள்.

சிப்பிக்கு நீங்கள் போகும் மாதம் நல்ல மாதம். ஜப்பானின் சிப்பியில் பாதிக்கு மேல் இந்தக் கடலில் விளைகிறது. ஓட்டோடு சுட்டதைச் சாப்பிடு. கடையில் பச்சையாக வாங்க ஆசைப்பட்டால் பொட்டலத்தில் பச்சையாகத் தின்பதற்கானதா, சமைப்பதற்கானதா என்று எழுதியிருக்கும். அது புதுசு, பழசு கணக்கில்லை, வளர்ந்த கடல் பகுதியின் கணக்கு. சமைப்பதற்கானது இன்று காலை எடுத்ததாக இருந்தாலும் பச்சையாகத் தொடாதே.

தீவில் ஐந்து மணிக்குக் கடைகள் அடைத்துவிடும். திரும்பி வந்து படகுத்துறை எதிரே உவேனோ கடையில் அனாகோ-மேஷி, கடல் விலாங்குச் சோறு. 1901இல் ரயில் பயணிகளுக்குப் பொட்டலமாக ஆரம்பித்தது. உள்ளே வரிசை நீளமாக இருந்தால் பெட்டியாக வாங்கி ரயிலில் சாப்பிடு, சோறு மீன்சாற்றில் வெந்தது, ஆறினாலும் ருசி குறையாது.

மோமிஜி மஞ்சு என்ற மேப்பிள் இலை வடிவக் கேக் அம்மாவுக்கு வேண்டாம், நீ வருவதற்குள் தேதி முடிந்துவிடும். எண்ணெயில் பொரித்துக் குச்சியில் குத்தித் தருவதை அங்கேயே நின்று சுடச்சுடச் சாப்பிட்டுவிடு. மாவில் முட்டை உண்டு, தோழியிடம் சொல்லிவிடு.

அப்பா