நூல் அனுப்பு, பாப்பா

குன்னூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். அம்மாவும் நலம். பச்சைத் தேயிலை விலை வழக்கம்போல்தான். சித்தப்பா விஷயம் அப்படியே இருக்கிறது, அதை விடு.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். மேடையில் மைக் பிடித்து நிற்கிறாய்! எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கும் காட்டியாகிவிட்டது. ஆனால் தூக்கிய கையில் வாட்ச் முழங்கைப் பக்கம் பாதி தூரம் இறங்கிக் கிடக்கிறது. நான் வாங்கிக் கொடுத்ததுதானே? கடையில் ஸ்ட்ராப்புக்கு அடியில் என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். மூன்றாவது ஓட்டையில் சரியாக நின்றது. அந்த ஓட்டையில் விழுந்த மடிப்பு போட்டோவில் தனியாகத் தெரிகிறது. கொக்கி இருப்பதோ கடைசி ஓட்டையில்.

குளிரில் கை கொஞ்சம் சுருங்கும், வெயிலில் உப்பும். இங்கே சரியாக இருந்தது சென்னையில் இறுகத்தானே வேண்டும்? கேட்காதே என்கிறாள் அம்மா. நான் எதையும் கேட்கவில்லை, வாட்ச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புதிதாக வாங்குவதென்றால் டயல் அழகைப் பார்த்து ஏமாறாதே. மணிக்கட்டுச் சுற்றளவு ஆறு அங்குலம் என்றால் 34 முதல் 38 மில்லிமீட்டர் வரை குறுக்களவு உள்ள வாட்ச் பொருந்தும். ஏழு என்றால் 42 வரை போகலாம். அதைவிட முக்கியம் ஸ்ட்ராப்பைப் பிடிக்கிற கொம்பு. மேல் நுனியிலிருந்து கீழ் நுனிவரை உள்ள நீளம் மணிக்கட்டின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். வெளியே நீட்டினால் என்ன விலை கொடுத்தாலும் இரவல் வாட்ச் மாதிரிதான் இருக்கும். ஒரே 36 மில்லியில் இரண்டு எடுத்துப் பார், ஒன்றில் கொம்பு குட்டை, இன்னொன்றில் நெட்டை. கட்டிப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்காதே. தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா 35 மில்லிதான், அந்தக் காலத்து ஆம்பளை வாட்ச். 2016இல் அந்த வாட்ச் கம்பெனியையே மூடிவிட்டார்கள், இது இன்னும் சாவி கொடுத்தால் ஓடுகிறது.

ராத்திரி சமைக்கிறாயா? ஆர்டர் போட்டாலும் சரி, சாப்பிடு. உன் சம்பாத்தியத்தில் நீ நிற்கிறாய், எனக்குப் பெருமைதான். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகூட போனை எடுக்காமல் 'அப்புறம் பேசறேன்ப்பா' என்று மெசேஜ் போடுவதா? முன்பெல்லாம் நான் வை வை என்றாலும் வைக்கமாட்டாய். வேலை இருக்கும், சரி. சாப்பிட்டுவிட்டு வேலை பார்.

வர்க்கி பார்சல் போட்டிருக்கிறோம். ரூமில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நீ சும்மா இருக்காதே.

ஸ்ட்ராப்பில் புது ஓட்டை போட வேண்டாம், தோல் பிய்ந்துவிடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, முழங்கைப் பக்கமாக, ஒரு நூலைச் சுற்றி, முனை சேரும் இடத்தில் பேனாவால் புள்ளி வை. இறுக்கியும் பிடிக்காதே, தளர்த்தியும் பிடிக்காதே. எத்தனை அங்குலம் என்று போனில் சொல்ல வேண்டாம். நூலையே கவரில் போட்டு அனுப்பு, நான் அளந்துகொள்கிறேன்.

அப்பா