லிஸ்பனில் பார்க்காமல் விட்ட சுவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த லிஸ்பன் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பெலெம் கோபுரம், ஜெரோனிமோஸ் மடாலயம், 28-ஆம் எண் டிராம், அல்ஃபாமாவின் படிக்கட்டுச் சந்துகள் எல்லாம் கண்முன் வந்து நின்றன. ஆனால் நகரின் நடுவே உள்ள பைஷா பகுதியை, சாமான் வாங்க ஏற்ற இடம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் கட்டுரையாளர். பொதுப்பணித்துறையில் 32 ஆண்டு கட்டட வேலை பார்த்தவன் என்பதால் அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1755 நவம்பர் 1. சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்கு மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த நேரத்தில் பூமி குலுங்கியது. உயிர் தப்பி ஆற்றங்கரை வெட்டவெளிக்கு ஓடியவர்களைத் தேஜு ஆற்றில் ஏறி வந்த ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போனது. எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்திகளாலும் அடுப்புகளாலும் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆற்றோர அரண்மனையே இல்லாமல் போனது. மேட்டில் இருக்கும் கார்மோ மடத்தின் கூரை அன்று விழுந்ததுதான். இன்றைக்கும் அதன் கல் வளைவுகளுக்கு மேலே வானம்தான் கூரை.

அழிந்துபோன பைஷாவை மறுபடி கட்டும் பொறுப்பு அமைச்சர் பொம்பாலுக்கு வந்தது. அவருக்குத் திட்டம் எழுதிக் கொடுத்த தலைமைப் பொறியாளர் மனுவேல் ட மையாவுக்கு அப்போது வயது 78. பழையபடியே கட்டலாமா, தெருக்களை அகலப்படுத்திக் கட்டலாமா, நகரையே பெலெம் பக்கம் நகர்த்திவிடலாமா என்று ஒவ்வொரு வழியையும் அலசி எழுதினார். அரசு ஆவணக் காப்பகத்துக்கும் அவர்தான் பொறுப்பு. அது இருந்த கோபுரம் சரிந்தபோது, இடிபாடுகளுக்குள்ளிருந்து ஏடுகளை மீட்டெடுக்க வைத்தவரும் அவரே. அந்த வயதில் அத்தனை வேலை பார்த்த மனிதரை நினைத்தாலே கைகூப்பத் தோன்றுகிறது.

அவர் கூட்டத்தார் கண்ட வழிதான் ‘கயோலா’. கூண்டு என்று பொருள். 2018-இல் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பைஷாவில் பழுதுபார்ப்புக்காக மேல்பூச்சை உதிர்த்திருந்த ஒரு வீட்டைப் பார்த்தேன். மகள் கேட்டுச் சொல்ல, மேஸ்திரி உள்ளே விட்டார். சுவருக்குள் மரச்சட்டம். சட்டத்துக்குள் பெருக்கல் குறி போல இரண்டு கட்டைகள். குறுக்கே சேரும் இடத்தில் இரண்டையும் பாதிக்குப் பாதி செதுக்கி, ஒன்றில் ஒன்று அமர்த்தி ஆணி அடித்திருந்தார்கள். இடைவெளியில் உடைகல்லும் சுண்ணாம்புக் கலவையும். விரலால் தடவிப் பார்த்தேன். சந்தில் நகம் நுழையவில்லை. பூமி ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும். வெளிச்சுவரின் கல் உதிர்ந்தாலும் தளமும் கூரையும் கூண்டின் மேல் நிற்கும். மாதிரிக் கூண்டு ஒன்றைக் கட்டி, சுற்றிலும் படைவீரர்களைக் காலை ஓங்கி நடக்கவைத்துச் சோதித்தார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு தீ தாவாதிருக்க, இடைச்சுவர்களைக் கூரைக்கு மேலேயும் உயர்த்தினார்கள்.

கட்டடம் நிற்பது ஆற்று வண்டல் மண்ணில். அதனால் பைன் மரக்கட்டைகளை அடித்து இறக்கி, அதன்மேல் கடைக்கால் போட்டார்கள். கொரெய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் அந்தக் கட்டைகளைப் பார்க்கலாம். பக்கத்திலேயே ரோமானியர் மீன் ஊறப்போட்ட தொட்டிகளும் இருக்கின்றன. நிலத்தடி ஈரத்தில் மூழ்கியிருக்கும்வரை கட்டை கெடாது. அருகே ஆழத் தோண்டி நீர்மட்டம் இறங்கினால் காற்றுப் பட்டு உளுக்கத் தொடங்கிவிடும்.

என் கவலை இதுதான். அந்தத் தெருக்களில் பல வீடுகள் இப்போது விடுதிகளாகவும் பெரிய கடைகளாகவும் மாறிவிட்டன. கூடத்தை அகலமாக்கச் சுவரை எடுக்கிறார்கள். குழாய் கொண்டுபோகக் குறுக்குக் கட்டையை அறுக்கிறார்கள். கூண்டில் ஒரு கம்பியை எடுத்தால் மற்றவை தாங்கும் என்று எண்ணுவது தவறு. சட்டமும் குறுக்குக் கட்டைகளும் சேர்ந்து அமைக்கும் முக்கோணம் உடைந்தால் அந்தச் சுவர் வெறும் கல்குவியல்தான். முகப்பு மட்டும் பழையபடி பளிச்சென்று நிற்பதால், உள்ளே நடந்தது தெருவில் போகிறவருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் முதன்முதலில் அச்சேறிய ஊரும் லிஸ்பன்தான். 1554-இல், ரோமன் எழுத்தில் தமிழ்ச் சொற்களைக் கோத்து ஒரு மறைக்கல்விச் சிறுநூல் அங்கே அச்சானது. தமிழ் இதழின் லிஸ்பன் கட்டுரையில் அதற்கும் இடம் இருந்திருக்கலாம்.

பயணத் தொடர் நூலாக வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் பைஷாவுக்குத் தனியாக ஒரு பக்கம் சேருங்கள். பூச்சு உதிர்ந்த அந்தச் சுவரை நான் எடுத்த மூன்று படங்களை இத்துடன் அனுப்பியுள்ளேன். இரண்டாவது படத்தில் கட்டைகள் சேரும் இடம் தெளிவாகத் தெரியும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவர்,
திருச்சி